டாஸுக்கும் விண்டோஸுக்கும் ஒரே எக்ஸி கோப்பு: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு பீன்யாவில் நான் மென்பொருள் பார்த்துக்கொள்ளும் பட்டறை ஒன்றில் இரண்டு கணினிகள் இருக்கின்றன. கடைசல் இயந்திரத்தின் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கேறிய விசைப்பலகையோடு, டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் ஒரு கணினி. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் கணினி. இரண்டிலும் ஒரே வேலை நடக்கவேண்டும்: இரும்புத் தண்டின் விட்டம், நீளம், எண்ணிக்கை கொடுத்தால் எடை சொல்லவேண்டும்.

முதலில் இரண்டு தனிக் கோப்புகளாகத்தான் கொடுத்தேன். சில மாதங்களிலேயே உள்ளே ஒரு பதிப்பு, வெளியே ஒரு பதிப்பு என்று ஆகிவிட்டது. அதன்பிறகுதான் இரண்டையும் ஒரே எக்ஸி கோப்பில், அதாவது நேரே ஓட்டக்கூடிய நிரல் கோப்பில், அடக்கினேன். அதே கோப்பு டாஸில் டாஸ் நிரலாகவும், விண்டோஸில் விண்டோஸ் நிரலாகவும் ஓடும். இதற்கு ஓப்பன் வாட்காம் என்ற இலவசக் கருவித்தொகுப்பு போதும். என்னிடம் வேலை கற்க வந்த பிள்ளைகள் எங்கெங்கே தடுக்கி விழுந்தார்களோ, அந்த இடங்களில் கொஞ்சம் நின்று எழுதியிருக்கிறேன்.

1. இரண்டு நிரல்கள் ஒரு கோப்பில் எப்படி இருக்க முடியும்

விண்டோஸின் எந்த எக்ஸி கோப்பைத் திறந்து பார்த்தாலும் அதன் முன்வாசலில் ஒரு சின்ன டாஸ் நிரல் குடியிருக்கும். அதன் பெயர் ஸ்டப். டாஸில் அந்தக் கோப்பை ஓட்டினால், ‘இந்த நிரல் டாஸில் ஓடாது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு வெளியேறுவது அதன் வேலை. நாம் செய்யப்போவது, அந்த ஒற்றை வரி நிரலைக் காலிசெய்துவிட்டு, அதே இடத்தில் நம்முடைய முழு டாஸ் நிரலைக் குடியேற்றுவது.

கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் எம், இசட் என்ற எழுத்துகள். டாஸ் அவற்றைப் பார்த்து, கோப்பின் தொடக்கத்தில் அதன் விவரங்களைச் சொல்லும் தலைப்பில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் கோப்பை நினைவகத்தில் ஏற்றி ஓட்டும். விண்டோஸ் அதே தலைப்பில் 60ஆவது பைட்டுக்கு (பூஜ்யத்திலிருந்து எண்ணினால்) போகும். அங்கே இருக்கும் நான்கு பைட் எண்தான் விண்டோஸ் பாதி தொடங்கும் இடத்தின் முகவரி. விண்டோஸ் நேரே அங்கே தாவிவிடும். டாஸ் பாதியை எட்டிக்கூடப் பார்க்காது.

இது குறுக்குவழி வித்தை இல்லையா என்று சிலர் தயங்குகிறார்கள். விண்டோஸ் 95உடன் வந்த, அதன் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரே இப்படிப்பட்ட இரட்டை நிரல்தான். டாஸ் நிலையில் ஓட்டினால் அது கட்டளை வரியில் வேலை செய்யும்.

2. தொடங்கும் முன் கையில் இருக்கவேண்டியவை

ஓப்பன் வாட்காம் தொகுப்பை நிறுவும்போது, எந்த இயங்குதளங்களுக்கு நிரல் எழுதப்போகிறீர்கள் என்று கேட்கும். 16 பிட் டாஸ், 32 பிட் விண்டோஸ் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் நிறுவல் ஒழுங்காகவே முடியும். கடைசிப் படியில்தான் நூலகக் கோப்பு இல்லை என்று பிழை வரும். பாதி நாள் தேடியபிறகு இது தெரியவந்த பிள்ளைகள் இருவர்.

விண்டோஸுக்குள்ளேயே டாஸ் கணினி போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் வேண்டும். இன்றைய 64 பிட் விண்டோஸ் டாஸ் நிரலை ஓட்டாது என்பதால், மேசையில் உட்கார்ந்தபடியே டாஸ் பாதியைச் சோதிக்க அதுதான் வழி.

பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் பார்வைக் கருவி ஏதாவது ஒன்று வேண்டும். இலவசமாகப் பல கிடைக்கின்றன. இது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். எங்கே தவறு என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட, கோப்பைத் திறந்து பார்ப்பது பத்து மடங்கு வேகம்.

இரண்டு நிரல்களின் மூல நிரலும் கையில் இருக்கவேண்டும். முடிந்துபோன விண்டோஸ் எக்ஸி ஒன்று மட்டும் இருந்தால், அதற்குள் பெரிய டாஸ் நிரலைப் பிற்பாடு நுழைப்பது வேறு வகை அறுவைச் சிகிச்சை. புதியவர்களுக்கு அதை நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

3. கணக்கைத் தனிக் கோப்பில் வையுங்கள்

வட்டத் தண்டின் எடைக்குப் பட்டறைகளில் எல்லோரும் போடும் கணக்கு ஒன்று உண்டு: மில்லிமீட்டரில் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162 ஆல் வகுத்தால், ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மில்லிமீட்டர் தண்டுக்கு 3.858 கிலோ.

எங்கள் முதல் பதிப்பில் டாஸ் பாதியை நான் எழுதினேன், 162 வைத்தேன். விண்டோஸ் பாதியை எழுதிய பையன் பொறியியல் படித்தவன். இரும்பின் அடர்த்தி 7.85 என்று எடுத்து, பை மதிப்பு போட்டு முறையாகக் கணக்கிட்டான். அவனுக்கு வந்தது 3.853. யாருடைய கணக்கையும் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ வித்தியாசம். பட்டறைக்காரர் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எதைத் தம்பி பில்லில் போடுவது?” என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

ஆகவே சூத்திரம், மாறிலிகள், பதிப்பு எண் மூன்றையும் ஒரே சி மொழிக் கோப்பில் எழுதி, அதே கோப்பை இரண்டு பாதிகளிலும் தொகுக்க (கம்பைல் செய்ய) சொல்லுங்கள். திரையில் காட்டுவதும் விசைப்பலகையில் வாங்குவதும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

இங்கே இன்னொரு குழி இருக்கிறது. 16 பிட் டாஸில், சி மொழியில் முழு எண்ணுக்கான இன்ட் வகை இரண்டு பைட். 32,767க்கு மேல் தாங்காது. 32 பிட் விண்டோஸில் அது நான்கு பைட். கடையில் தண்டு பெரும்பாலும் 6 மீட்டர் நீளத்தில் வரும். 25 மில்லிமீட்டர் விட்டத்தில் 6,000 மில்லிமீட்டர் தண்டு ஆறு என்றால் மொத்த நீளம் 36,000. விண்டோஸில் விடை 138.89 கிலோ. டாஸில் அந்த 36,000, கழித்தல் 29,536 ஆகி, எடை கழித்தல் 113.95 கிலோ என்று வந்து நின்றது. ஐந்து தண்டு வரை சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று கொடுத்திருந்தோம். பொதுக் கோப்பில் முழு எண்கள் எல்லாவற்றையும் லாங் வகையில் எழுதுங்கள். இரண்டு பக்கமும் அது நான்கு பைட்தான்.

4. டாஸ் பாதியை முதலில் முடித்துவிடுங்கள்

எல்லோரும் விண்டோஸ் பாதியில்தான் தொடங்க விரும்புகிறார்கள். அதுதான் கண்ணுக்கு அழகாக இருக்கும். வரிசையை மாற்றாதீர்கள். தொகுத்த துண்டுகளைச் சேர்த்து விண்டோஸ் எக்ஸியாக்கும் ‘இணைப்பான்’ கருவிக்கு டாஸ் எக்ஸி உள்ளீடாகப் போகவேண்டும். டாஸ் பாதியில் ஒரு எழுத்து மாறினாலும் விண்டோஸ் பாதியை மறுபடி இணைத்தாகவேண்டும். அதனால் டாஸ் பாதி முழுதாகச் சோதிக்கப்பட்டு, இனிக் கை வைக்கமாட்டேன் என்ற நிலைக்கு வந்தபிறகே அடுத்த படி.

டாஸ் பாதிக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு.

அது எக்ஸி வடிவில் இருக்கவேண்டும். காம் வடிவக் கோப்பை ஸ்டப்பாக வைக்க முடியாது, அதற்குத் தலைப்பே கிடையாது.

அது சாதாரண 16 பிட் நிரலாக இருக்கவேண்டும். 32 பிட் நினைவகத்துக்காக டாஸ் எக்ஸ்டெண்டர் என்ற துணை நிரலோடு கட்டிய நிரல்கள் தங்கள் இரண்டாம் பகுதியைத் தேட அதே 60ஆவது பைட்டையோ கோப்பின் பின்பகுதியையோ நம்பியிருக்கும். அந்த இடத்தை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டால் அவை அனாதையாகிவிடும்.

தன்னுடைய எக்ஸி கோப்பின் வாலில் தரவை ஒட்டிவைத்து, ஓடும்போது அதைத் திறந்து படிக்கும் நிரலும் உதவாது. இணைத்தபின் வாலில் இருப்பது விண்டோஸ் பாதி. விலைப்பட்டியல் போன்றவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

தொகுக்கும்போது மிகப் பழைய 8086 செயலிக்கான கட்டளைகளையே பயன்படுத்தச் சொல்லுங்கள். தசமக் கணக்குக்கு, கணித இணைச்செயலி இல்லாவிட்டாலும் வேலை செய்யும் எமுலேஷன் நூலகத்தைத் தேர்ந்தெடுங்கள். பட்டறைக் கணினியைத் திறந்து பார்க்காமல் உள்ளே என்ன சில்லு என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், “கம்ப்யூட்டர்தான்” என்பார்கள்.

நிரல் தொடங்கியதும் பதிப்பு எண்ணோடு ‘டாஸ்’ என்ற சொல்லையும், மற்றதில் ‘விண்டோஸ்’ என்ற சொல்லையும் காட்டச் செய்யுங்கள். இரண்டும் ஒரே கோப்பில் ஒரே மாதிரி இருக்கும்போது, எந்தப் பாதி ஓடுகிறது என்பதே பல நேரம் குழப்பமாகிவிடும்.

5. தலைப்பின் நீளத்தைப் பாருங்கள்

டாஸ் நிரலுக்கு 28 பைட் தலைப்பே போதும். இரட்டைக் கோப்புக்குப் போதாது, ஏனெனில் விண்டோஸ் தேடும் முகவரி 60ஆவது பைட்டில் தொடங்கி 63இல் முடிகிறது. தலைப்பு முழுதாக 64 பைட் இருந்தால்தான் அந்த இடம் காலியாக இருக்கும். குறுகிய தலைப்பு என்றால் அங்கே டாஸ் நிரலின் கட்டளைகளே உட்கார்ந்திருக்கும்.

ஹெக்ஸ் பார்வையில் டாஸ் எக்ஸியைத் திறந்து, எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, 8ஆவது பைட்டைப் பாருங்கள். அது தலைப்பின் நீளத்தை 16 பைட் துண்டுகளாகச் சொல்கிறது. 4 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் நிம்மதி. 2 என்றால் 32 பைட் தலைப்பு.

குறுகிய தலைப்பைக் கண்டால் சில இணைப்பான்கள் தாங்களே நீட்டிக்கொள்கின்றன. சில எச்சரித்துவிட்டு உங்கள் ஸ்டப்பைப் புறக்கணித்துவிடுகின்றன. எச்சரிக்கை வரியைப் படிக்காமல் போனால், டாஸில் பழைய ‘ஓடாது’ வாசகம்தான் வரும். கோப்பைச் சுருக்கும் கருவிகளில் சில தலைப்பையும் சேர்த்துக் குறுக்கிவிடும் என்பதால், டாஸ் பாதியை இணைப்பதற்கு முன் சுருக்காதீர்கள்.

6. விண்டோஸ் பாதியை இணைக்கும்போதே சேருங்கள்

விண்டோஸ் பாதியை 32 பிட் நிரலாகத் தொகுத்து, இணைப்பதற்கு முந்தைய நிலையான பொருட்கோப்பு (ஆப்ஜெக்ட் ஃபைல்) வரை கொண்டுவாருங்கள். 32 பிட் என்பதற்குக் காரணம், அது பழைய 32 பிட் விண்டோஸிலும் இன்றைய 64 பிட் விண்டோஸிலும் ஓடும்.

பிறகு ஓப்பன் வாட்காமின் இணைப்பானுக்கு நான்கு செய்திகள் சொல்லவேண்டும். எந்த இயங்குதளம்: ‘சிஸ்டம் என்டி’. வெளிவரும் கோப்பின் பெயர்: ‘நேம்’ என்ற சொல்லுக்குப் பின். பொருட்கோப்புகள்: ‘ஃபைல்’ என்ற சொல்லுக்குப் பின். கடைசியாக ‘ஆப்ஷன் ஸ்டப்’, சமக்குறி, டாஸ் எக்ஸியின் பெயர். இவற்றை ஒரு சிறிய உரைக்கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அதையே இணைப்பானுக்குக் கொடுங்கள். கையால் தட்டினால் என்றாவது ஒருநாள் கடைசிச் செய்தி விட்டுப்போகும். பிழை எதுவும் வராது, ஆனால் டாஸ் பாதி மட்டும் உள்ளே இருக்காது.

வெளிவரும் கோப்புக்கு டாஸ் எக்ஸியின் பெயரையே வைக்காதீர்கள். ஒருமுறை நான் அப்படிச் செய்து, படித்துக்கொண்டிருக்கும் கோப்பின்மேலேயே எழுதச் சொல்லிவிட்டேன். டாஸ் பாதி, விண்டோஸ் பாதி, முடிந்த கோப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாப்டின் இணைப்பானிலும் ஸ்டப் என்ற பெயரிலேயே இதே வசதி இருக்கிறது. அதுவும் எக்ஸியை மட்டும்தான் ஏற்கும்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி, இரண்டு எக்ஸிகளையும் காப்பி கட்டளையால் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிவிடுவது. ஒட்டிய கோப்பு டாஸில் அழகாக ஓடும். அதனால் வென்றுவிட்டோம் என்று நினைப்பார்கள். 64 பிட் விண்டோஸ் அதை 16 பிட் நிரல் என்று திருப்பி அனுப்பிவிடும், ஏனெனில் 60ஆவது பைட்டில் சரியான முகவரி இல்லை. ஒரு பையன் விடாமல், முகவரியைக் கையால் திருத்தினான். அப்போதும் ஓடவில்லை. விண்டோஸ் பாதிக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதியின் இடமும் கோப்பின் முதல் பைட்டிலிருந்து எண்ணப்பட்டிருக்கிறது. முன்னால் 26 ஆயிரம் பைட்டைச் செருகினால் அத்தனை எண்களும் பொய்யாகிவிடும். இணைப்பான் ஸ்டப்பின் நீளத்தை முதலிலேயே அறிந்து அவற்றைக் கணக்கிடுகிறது. அதனால்தான் இணைக்கும்போதே சேர்க்கச் சொல்கிறேன்.

7. பைட் பார்த்து உறுதிசெய்யுங்கள்

முடிந்த கோப்பை ஓட்டிப்பார்க்கும் முன் ஹெக்ஸ் பார்வையில் திறந்துகொள்ளுங்கள். என் எடைக் கணக்கு நிரலில் நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

60ஆவது பைட்டிலிருந்து 40, 68, 00, 00 என்று இருந்தது. இவை பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்கள்; கடைசியிலிருந்து முன்னுக்குப் படிக்கவேண்டும். பதினாறடிமான 6840 என்பது நம் கணக்கில் 26,688. அந்த இடத்துக்குப் போனால் பி, இ என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு பூஜ்யங்களும் இருக்கவேண்டும். இருந்தன. விண்டோஸ் பாதிக்கு வழி சரி.

அடுத்து டாஸ் பாதி. 4, 5ஆவது பைட்டுகளில் 35, 00: பதினாறடிமானத்தில் 35 என்றால் 53 பக்கம். ஒரு பக்கம் 512 பைட். 2, 3ஆவது பைட்டுகளில் 38, 00: கடைசிப் பக்கத்தில் 56 பைட் மட்டும். ஆக 52 முழுப் பக்கங்களும் 56 பைட்டும் சேர்ந்து 26,680. விண்டோஸ் பாதி 26,688இல் தொடங்குகிறது. இடையில் எட்டு பைட் வெறும் இடநிரப்பு. டாஸ் பாதியின் அளவு விண்டோஸ் பாதியின் முகவரியைவிடப் பெரியதாக இருக்கக்கூடாது என்பதுதான் பார்க்கவேண்டியது.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பயத்துக்கும் பதில் இருக்கிறது. “அண்ணா, கோப்பு 700 கேபி ஆகிவிட்டது, டாஸில் 640 கேபிதானே இடம், ஏறுமா?” என்று கேட்காத ஆள் இல்லை. டாஸ் ஏற்றுவது அந்த 26,680 பைட்டை மட்டும்தான். மிச்சம் வட்டிலேயே கிடக்கும்.

8. எங்கெங்கே ஓட்டிப்பார்ப்பது

டாஸ்பாக்ஸில் ஓட்டினால் டாஸ் பாதி வரவேண்டும். விண்டோஸ் 10, 11இல் விண்டோஸ் பாதி. லினக்ஸில், விண்டோஸ் நிரல்களை ஓட்டித்தரும் வைன் வழியாக ஓட்டினாலும் விண்டோஸ் பாதிதான்.

குழப்பம் வருவது விண்டோஸின் கறுப்புக் கட்டளைச் சாளரத்தில். அதை டாஸ் என்று நினைத்துக்கொண்டு, ‘டாஸ் பாதி ஓடவே இல்லை’ என்று வருவார்கள். அது விண்டோஸ்தான். விண்டோஸ் 98இல் திறக்கும் டாஸ் சாளரத்திலும் விண்டோஸ் பாதியே ஓடும். கணினியை டாஸ் நிலையில் மறுபடி தொடங்கினால்தான் டாஸ் பாதி.

சோதனைக்கு இரண்டு கணக்குகள் போதும்: 25 மில்லிமீட்டர், 6 மீட்டர், ஒரு தண்டு, அதே தண்டு ஆறு. இரண்டு பாதிகளிலும் 23.15, 138.89 என்று வரவேண்டும்.

விண்டோஸ் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இடும் வழக்கம் இருந்தால் எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் இடுங்கள். பிறகு ஒரு பைட் மாறினாலும் கையொப்பம் செல்லாது. வழக்கத்துக்கு மாறான ஸ்டப்பைக் கண்டு வைரஸ் தடுப்பு நிரல் முறைப்பதும் உண்டு. அலுவலகக் கணினியைப் பார்த்துக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

9. பட்டறைக்குக் கொண்டுபோவது

கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கவேண்டும், இடைவெளி கூடாது. நீளமான பெயர் வைத்தால் டாஸில் அது அலைக்கோடும் எண்ணுமாகக் குறுகித் தெரியும். ஆபரேட்டர் தட்டும் பெயர் கிடைக்காது.

பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். டாஸுக்குத் தானாக யுஎஸ்பி தெரியாது. பிளாப்பி டிரைவ் உயிரோடு இருந்தால் அதுவே எளிது, 1.44 எம்பி பிளாப்பியில் உண்மையில் கிடைக்கும் இடம் 14,57,664 பைட். எங்கள் பட்டறையில் டிரைவ் தூசி தின்று செத்துப்போயிருந்தது. எஸ்.பி. ரோட்டில் தேடி, காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையை, பழைய வன்வட்டுகளுக்கான ஐடிஇ கேபிளில் மாட்டும் சிறிய பலகை ஒன்று வாங்கிவந்தோம்.

அட்டையை எப்படி ஃபார்மட் செய்கிறீர்கள் என்பது முக்கியம். எம்எஸ்-டாஸ் 6.22க்கு ஃபேட் 32 என்ற வட்டு அமைப்பைப் படிக்கத் தெரியாது. ஃபேட் 16 மட்டும், அதுவும் ஒரு பிரிவுக்கு 2 ஜிபி வரை. பெரிய அட்டையை விண்டோஸில் போட்டு அப்படியே ஃபார்மட் செய்து எடுத்துப்போய், டிரைவே தெரியவில்லை என்று மறுபடி மெட்ரோ ஏறித் திரும்பியிருக்கிறேன். அட்டையில் 1 ஜிபிக்கு ஒரு பிரிவு போட்டு ஃபேட் என்று ஃபார்மட் செய்யுங்கள். ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸ் நிறுவிய கணினி என்றால் ஃபேட் 32 பற்றிய கவலை இல்லை.

பட்டறைக் கணினியில் நகலெடுத்ததும் அட்டையைக் கழற்றுவதற்கு முன் அங்கேயே ஒருமுறை ஓட்டி, ‘டாஸ்’ என்ற சொல்லும் பதிப்பு எண்ணும் வருகின்றனவா என்று பாருங்கள். அதே அட்டையை அலுவலகக் கணினியில் செருகி அங்கேயும் ஓட்டுங்கள். பதிப்பு எண் ஒன்றாக இருந்தால், இரண்டு கணினியிலும் இருக்கும் பழைய எக்ஸிகளை அப்போதே அழித்துவிடுங்கள். இருக்கட்டும் என்று ஒன்றை விட்டுவைத்தோம். அடுத்த வாரம் ஆபரேட்டர் அதைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதில் ஏழு தண்டுக்கு எடை இன்னும் கழித்தலில்தான் வந்துகொண்டிருந்தது.